வெள்ளத்துக்குப் பிறகு திறந்த பள்ளி: பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஆற்று வெள்ளத்தில் எங்கள் பள்ளி போய்விட்டது. சுவர்கள் நிற்கின்றன, ஆனால் அஸ்திவாரத்தை நீர் அரித்துவிட்டதால் யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வாரம் பள்ளியே நடக்கவில்லை. இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அவர்களுடைய பிள்ளைகள், மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை எங்கள் பிள்ளைகள். ஒரே ஹால். நடுவில் இரண்டு பீரோவை நிறுத்தி அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு, இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அட்டெண்டன்ஸில் 41 பேர். வருவது 34 பேர்.

மேலிருந்து வந்திருக்கும் உத்தரவு, வருஷக் கடைசிக்குள் போர்ஷன் முடிய வேண்டும் என்பது. அதனால் திறந்த மூன்றாவது நாளே, வெள்ளத்துக்கு முன்னால் எங்கே நிறுத்தினேனோ அங்கிருந்து ஆரம்பித்தேன். பின்னங்களைக் கூட்டுவது. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். வழக்கமாக முதலில் கை தூக்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் தெரியாமல் முழிக்கிற முழி எனக்குத் தெரியும், இது அது இல்லை. நான் கேட்டதே அவள் காதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே தூறல் போட்டது. 34 தலையும் ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பின. அதன் பிறகு அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட நிலைமையில் வகுப்பு எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தினமும் என்ன செய்தீர்கள்? போர்ஷனைத் துரத்தினீர்களா, விட்டுவிட்டீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 41 பேரில் ஒரு பையன் வெள்ளத்தில் போய்விட்டான். வரிசை எண் 17. பெயர் கூப்பிடும்போது 16-க்கு அப்புறம் தினமும் என் வாய் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பெயரை அடித்துவிட மனம் வரவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

மணியோசை

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு புயலுக்குப் பிறகு ஆறு மாதம் வாடகைக் கட்டடத்தில் பள்ளி நடத்தியிருக்கிறேன்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள். பாடம் அப்புறம். அந்தப் பிள்ளைகளுக்கு வீடு மாறியிருக்கும், தூங்கும் இடம் மாறியிருக்கும், அப்பா வேலைக்குப் போகும் நேரம் மாறியிருக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஒரே இடமாக உங்கள் வகுப்பு இருக்க வேண்டும். ஒரு மணிக்கு மணி அடித்தால் ஒரு மணிக்கு நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். அன்றைக்கு என்னென்ன நடக்கப் போகிறது என்று போர்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு பிள்ளையை விட்டு அதை அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் இதை ஏதோ ஒழுங்குக்காக என்று ஆரம்பித்தோம். இரண்டு வாரத்தில், பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஷிப்ட் முறை உலகத்தில் புதிதில்லை. 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். கட்டடம் பயன்படாமல் போன உயர்நிலைப் பள்ளிகள் நகரத்தின் இன்னொரு பக்கத்துப் பள்ளிகளில் போய் ஒண்டிக்கொண்டன. ஷெர்லி ஆண்கள் பள்ளி பாப்பனூயிக்குப் போனது, ஏவன்சைட் பெண்கள் பள்ளி பர்ன்சைடுக்குப் போனது. காலையில் வீட்டுக்காரப் பள்ளி, மதியம் விருந்தாளிப் பள்ளி. ஒவ்வொரு பீரியடும் சுருங்கிப் போனாலும் பள்ளிகள் நடந்தன.

உங்களுக்கு இருப்பது நான்கு மணி நேரம். எல்லாப் பாடத்தையும் சம அளவில் வெட்டாதீர்கள், எதுவும் தேறாது. வாசிப்பும் கணக்கும் தினமும் முழுசாக இருக்கட்டும். மற்றதை வாசிப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். அறிவியல் பாடத்தை வாசிப்புப் பாடமாக நடத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டல்கழித்தல்

டீச்சர், போர்ஷனைத் துரத்துவதா என்ற உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. கல்வித் தரவுகளோடு வேலை செய்பவன் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாகிஸ்தானின் வடக்குப் பகுதியில் பெரிய நிலநடுக்கம். அங்கே அன்றைக்குப் பள்ளி நாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறையிலேயே இறந்தார்கள். நான்கு வருடம் கழித்து தாஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களின் குழு அந்த ஊர்களுக்குப் போய்க் குடும்பம் குடும்பமாக அளந்து பார்த்தது. நிவாரணப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. வீடுகள் எழும்பியிருந்தன. பெரியவர்களின் வாழ்க்கை நிலையில், நிலநடுக்கத்தில் நிலம் விலகிய பிளவுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தூரத்தில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளிச் சேர்க்கையும் பழைய நிலைக்கு வந்திருந்தது.

பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி. பிளவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஒன்றரை முதல் இரண்டு வகுப்பு வரை பின்தங்கியிருந்தார்கள். இத்தனைக்கும் பள்ளிகள் மூடியிருந்தது சராசரியாக மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மூன்று மாத இழப்பு நான்கு வருடத்தில் ஒன்றரை வருட இழப்பாக வளர்ந்திருக்கிறது.

எப்படி வளர்ந்தது? ஆய்வாளர்கள் சொல்லும் சாத்தியமான காரணம் இது. பள்ளி திறந்ததும் வகுப்பு பாடத்திட்டத்தின் வேகத்திலேயே ஓடியது. விட்டுப்போன படிக்கு யாரும் திரும்பவில்லை. கழித்தல் வராத பிள்ளைக்கு வகுத்தல் நடத்தினார்கள், வகுத்தல் வராமலேயே பின்னம் நடத்தினார்கள். ஒவ்வொரு மாதமும் பாடம் மேலே போக, பிள்ளை கீழேயே நின்றுவிட்டது.

என்னை இன்றுவரை விடாத விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது. அம்மா ஆரம்பப் பள்ளியாவது முடித்திருந்த வீடுகளில் இந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. அந்த அம்மாக்கள் விட்டுப்போன படியை வீட்டில் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியொரு அம்மா இல்லாத பிள்ளைக்கு அந்தப் படியைப் போட நீங்கள்தான் இருக்கிறீர்கள், டீச்சர். தயவுசெய்து நிறுத்திய இடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

பத்தாவது அம்மா

இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நானும் வெள்ளம் பார்த்தவள்தான். என் மூத்த மகள் பத்தாவது. நீங்கள் எல்லோரும் மெதுவாகப் போங்கள், பின்னால் போங்கள் என்கிறீர்கள். பொதுத்தேர்வு என் மகளுக்காக நிற்குமா? தண்ணீர் வராத ஊர்ப் பிள்ளைகளோடுதானே அவளும் எழுத வேண்டும்? அவளுடைய பள்ளியில் இரண்டு வாரம் ஓவியம், விளையாட்டு, பாட்டு என்று போனது. மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். "எல்லாரும் என்னைச் சிரிக்கச் சொல்றாங்கம்மா, யாரும் கெமிஸ்ட்ரி நடத்த மாட்டேங்கறாங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது அவளுடைய படிப்பு ஒன்றுதான். அதையும் மெதுவாக என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

மணியோசை

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் மகள் சொன்ன அந்த வார்த்தையை ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி வைக்க வேண்டும். பாடமே நடத்தாமல் விடுவது ஆறுதல் ஆகாது. ஐந்தாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் வேறு வேறு என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பத்தாவதுக்குப் பள்ளி மட்டும் மாறினால் போதாது, தேர்வு நடத்துகிறவர்களும் இறங்கி வர வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் 2011-இல் அப்படித்தான் செய்தார்கள். நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு, அந்த வருடம் பள்ளியில் அவர்கள் செய்து காட்டிய வேலையை வைத்து மதிப்பெண் தர ஏற்பாடு இருந்தது. தேர்வும் எழுதலாம், இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவது பெற்றோர் சங்கத்தின் வேலை. தனியாக ஒரு டீச்சர் கேட்டால் நடக்காது. நீங்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு போனால் கேட்பார்கள்.

கூட்டல்கழித்தல்

பத்தாவது அம்மா சொல்வதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். படியைப் பார்த்துத் தொடங்குவது என்றால் எல்லோரும் மெதுவாகப் போவது என்று அர்த்தம் இல்லை. உங்கள் மகள் மாதிரி ஓடக்கூடிய பிள்ளையை ஓடவிட வேண்டும். எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்தியாவில் பல வருடமாகச் செய்துவருவது இதைத்தான். ஒரு மணி நேரத்துக்கு வகுப்பு, வயது இரண்டையும் மறந்துவிட்டு, எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள், கதை வாசிப்பவர்கள் என்று பிரித்து உட்கார வைப்பார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இதைப் பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்துப் பலன் இருப்பதைக் காட்டினார்கள். 2019-இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தபோது பேசப்பட்ட வேலைகளில் இதுவும் ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்களே, அதுவும் இதே சிந்தனைதான்.

உங்களுக்கு இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், டீச்சர். ஓர் அட்டையில் ஒரு பக்கம் நான்கு வரிப் பத்தி, மறுபக்கம் ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். 34 பேரை இரண்டு மதியத்தில் பார்த்துவிடலாம். பீரோவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாலாம் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர் இல்லாதது இதற்கு மட்டும் வசதி.

மெல்லப்பேசு

நான் மனநல ஆலோசகர். பேரிடர் நடந்த இடங்களில் பள்ளிகளோடு வேலை செய்கிறேன். அந்த 17-ஆம் எண்ணைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று வந்தேன். வேறு சிலதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரை ஓர் இரவில் சத்தமில்லாமல் அடிக்க வேண்டாம். மறுநாள் 16-க்கு அப்புறம் 18 வந்தால், 'நாம் போனாலும் இப்படித்தான் அடித்துவிடுவார்கள்' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடமே சொல்லுங்கள். இறந்துவிட்டான் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தூங்கிவிட்டான், ஊருக்குப் போயிருக்கிறான் என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் தூங்கப் பயப்படுவார்கள், ஊருக்குப் போகப் பயப்படுவார்கள். அவன் பெயர் வரும் இடத்தில் என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். நீங்கள் நினைப்பதைவிட நல்ல பதில் வரும். அவனுடைய வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது. உங்கள் பள்ளிக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். "வெள்ளம் வந்தப்போ என்ன பார்த்தீங்க, வரைங்க, சொல்லுங்க" என்று கேட்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். நடந்ததை உடனே ஒரே மூச்சில் வரவழைத்துப் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட ஆகலாம். தானாக வந்து சொல்கிற பிள்ளையைக் கேளுங்கள். சொல்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். பேப்பரும் கலரும் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் வரையட்டும், பஸ் வரைந்தாலும் சரி.

மழை வந்தபோது எல்லாத் தலையும் திரும்பியது என்று எழுதியிருந்தீர்கள். அது இயல்பு. அதை அடக்கப் பார்க்காதீர்கள். நீங்களும் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் பாருங்கள். "தூறல்தான். தண்ணி தேங்கல. ஏறுச்சுன்னா மாடிப்படி இந்தப் பக்கம், நான் உங்களோட வருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் அதே வார்த்தைகள். பத்து மழைக்கு அப்புறம் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரத்தில் நிலநடுக்கம் வந்த பிறகு, ஹியோகோ மாகாணம் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே பள்ளிகளில் கூடுதல் ஆசிரியர்களைப் போட்டது. கவனிப்பு தேவைப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை முதல் வருடத்தோடு குறைந்துவிடவில்லை, பல வருடம் நீடித்தது. வீடு திரும்பக் கட்டுவது, கடன், பெற்றோருக்குள் சண்டை, நண்பர்கள் ஊர் மாறுவது என்று பின்னால் வருவதெல்லாம் பிள்ளைகள் தலையில்தான் விழும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறாவது மாதத்தில் ஒரு பிள்ளை திடீரென்று படிக்காமல் போனால், சோம்பேறித்தனம் என்று திட்டிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

தகரக்கூரை

நான் கட்டட வேலைக்காரன். தற்காலிக வகுப்பறைகள் போட்டிருக்கிறேன். படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் படிப்பு நடக்கவிடாமல் தடுப்பது எது என்று தெரியும்.

ஒன்று கழிப்பறை. மதிய ஷிப்டில் ஐந்து மணி நெருங்கும்போதே மங்கத் தொடங்கும் காலங்களில் விளக்கு இல்லாத கழிப்பறைக்குப் பெரிய பெண்பிள்ளைகள் போக மாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், அப்புறம் பள்ளிக்கே வர மாட்டார்கள். வராத ஆறு பேரில் எத்தனை பெண்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று சத்தம். உங்களுக்கு ஹால் கிடைத்தது அதிர்ஷ்டம். தகரக் கூரை போட்ட இடங்களில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஒரு பள்ளியில் டீச்சர் ஒருவர் அதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருந்தார். மழைப்பெட்டி என்று பெயர். அதில் எழுதிச் செய்கிற கணக்கு அட்டைகள், படக்கதைகள். மழை ஆரம்பித்ததும் யாரும் சொல்லாமலே ஒரு பையன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பான். பெட்டி வந்ததிலிருந்து மழை என்றால் அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-இல் நிலநடுக்கம் வந்தது சனிக்கிழமை. அங்கே சனிக்கிழமை வார விடுமுறை, அதனால் பிள்ளைகள் தப்பினார்கள். மே 31-இல் பள்ளிகளைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய தற்காலிக வகுப்பறைகள்தான். முதலில் திறந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். கட்டடம் முடியட்டும் என்று காத்திருந்தால் வருஷங்கள் போயிருக்கும்.

மூன்றாம்பெஞ்ச்

இழை முழுவதும் டீச்சர்கள் பக்கத்திலிருந்து இருக்கிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் எட்டாவது வயதில் ஊரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

பள்ளி திறந்த முதல் நாள் என்ன பாடம் நடந்தது என்று ஞாபகம் இல்லை. எங்கள் சார் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, பிளேடால் ஒவ்வொருவருடைய பென்சிலையும் சீவிக் கொடுத்தார். அது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. எல்லாம் நிவாரணப் பையில் வந்த புதுப் பென்சில். அவசரமே இல்லை அவரிடம். முனையை விரல் நுனியில் தொட்டுப் பார்ப்பார், ஊதுவார், பெயரைச் சொல்லிக் கொடுப்பார். எனக்கு அப்புறம் நின்ற பையன் வேண்டுமென்றே முனையை ஒடித்துக்கொண்டு திரும்பவும் வரிசையில் போய் நின்றான். சார் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி சீவிக் கொடுத்தார். அந்தப் பையனுக்கு வீட்டில் அவன் பாட்டி மட்டும்தான் மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கணக்கு வகுப்பு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது. சார் டேப் கொடுத்து அளக்கச் சொன்னார். ஒரு மீட்டர் 62 சென்டிமீட்டர். சார் உயரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் எத்தனை மணிக்கு ஜன்னலைத் தொட்டிருக்கும், அதற்குள் மேட்டுக்கு நடந்து போக முடியுமா. நாங்கள் நடக்கும் வேகத்தையும் வெளியே போய் அளந்தோம். முடியும் என்று கணக்கு வந்தது. நேரம் இருந்தது, தெரிந்திருந்தால் போயிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த முறை போய்விடுவேன் என்றும் தோன்றியது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மெல்லப்பேசு

மூன்றாம்பெஞ்ச், உங்கள் சார் பெரிய மனிதர். ஆனால் கரும்பலகை டீச்சருக்கு ஓர் எச்சரிக்கை: அந்தச் சார் இரண்டு மாதம் காத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வகுப்பில் ஒருவன் இறந்திருக்கிறான். 'நேரம் இருந்தது' என்ற கணக்கு, அவனுடைய நண்பனுக்கு வேறு மாதிரி வந்து விழலாம். நடந்த வெள்ளத்தை வைத்து இப்போதைக்குக் கணக்குப் போடாதீர்கள். வரப்போகும் மழையை வைத்துப் போடுங்கள். இந்தக் கட்டடத்திலிருந்து மாடிக்கு எத்தனை அடி, எத்தனை நிமிடம் என்பது போதும்.

மூன்றாம்பெஞ்ச்

ஒத்துக்கொள்கிறேன். அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனாலும் தப்பிக்கும் அறிவைப் பாடத்துக்குள் கொண்டுவருவதை விட்டுவிட வேண்டாம். ஜப்பானின் கமைஷி ஊரில் தொஷிதாகா கதாதா என்ற பேராசிரியர் சுனாமிக்குச் சில வருடம் முன்பிருந்தே ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார். தனியாக ஒரு பாடம் வைக்காமல் கணக்கு மாதிரியான வழக்கமான பாடங்களுக்குள்ளேயே அதைச் சேர்த்தார்கள். 2011 மார்ச் 11-இல் நிலம் ஆடியதும் கமைஷி கிழக்கு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பக்கத்தில் உனோசுமாய் தொடக்கப் பள்ளியில் மாடிக்கு ஏறியிருந்த சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீழே இறங்கி அவர்களோடு ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த இடமும் சரியில்லை என்று தெரிந்ததும் இன்னும் மேலே ஏறினார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். அதே நாளில் ஒகாவா தொடக்கப் பள்ளியில் எங்கே போவது என்று முடிவாகாமல் மைதானத்திலேயே நேரம் போய், 74 பிள்ளைகளும் பத்து ஆசிரியர்களும் போனார்கள்.

இந்தோனேசியாவின் சிமியுலு தீவில் பள்ளிப் பாடம்கூட இல்லை. 1907-இல் வந்த அலையைப் பற்றி 'ஸ்மோங்' என்ற கதையைப் பாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004-இல் 70,000 பேருக்கு மேல் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

பத்தாவது அம்மா

ஒரு சின்ன விஷயம், யாருக்காவது உதவும். நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்துப் போட்டு நான் கெடுத்தேன். அட்டை வளைந்து பக்கங்கள் கட்டி தட்டிப்போச்சு. அடுத்த புத்தகத்தை நிற்கவைத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய நியூஸ் பேப்பரைச் செருகி, ஃபேனுக்குக் கீழே வைத்து, பேப்பரை மாற்றிக்கொண்டே இருந்தேன். தேறியது. பூஞ்சை பிடித்ததை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவர விடாதீர்கள், பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்.

கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். இதுவரை 60 பேர்.

கரும்பலகை

நான்கு நாளாக ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். இரண்டு மதியத்தில் அட்டை வைத்து எல்லோரையும் பார்த்துவிட்டேன். 34 பேரில் பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தவர்கள் 15 பேர். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதவர்கள் 12 பேர், அதில் ஐந்து பேருக்கு வெள்ளத்துக்கு முன்னால் நன்றாகத் தெரியும். நான் இவர்களுக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

எச்.எம்மிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேலே நான் பேசிக்கிறேன், நீங்க நடத்துங்க" என்றார்.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. என் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். என் சான்றிதழ்கள், அம்மாவின் போட்டோ எல்லாம் போய்விட்டது. வகுப்பில் இருக்கும் நான்கு மணி நேரம்தான் எனக்கும் மூச்சு விட முடிகிறது. ஆனால் சில நாள் நடுவில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மணியோசை

டீச்சர், அதை நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். நாலாம் வகுப்பு டீச்சரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முடியாதபோது பீரோவைத் தட்டினால் போதும், இன்னொருவர் இரண்டு வகுப்பையும் சேர்த்துக் கதை வாசிக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. நாங்கள் ஆறு மாதமும் இப்படித்தான் ஓட்டினோம். எங்களில் மூன்று பேருக்கு வீடு இல்லை.

கரும்பலகை

ஆறு வாரம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

முதல் ஒரு மணி நேரம் நாலாம் வகுப்போடு சேர்ந்து நான்கு குழு. பாக்கி நேரம் ஐந்தாம் வகுப்புப் பாடம், பாதி வேகத்தில். கடன் வாங்கிக் கழிக்க வராதவர்கள் 12-லிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறார்கள். வராத ஆறு பேரில் நான்கு பேர் பெண்கள்தான், தகரக்கூரை சார். கழிப்பறைக்கு விளக்குப் போட்டு, வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகு மூன்று பேர் வந்துவிட்டார்கள். பீரோவை நான் இரண்டு முறை தட்டினேன், நாலாம் வகுப்பு டீச்சர் ஐந்து முறை தட்டினார். மழைப்பெட்டியும் வந்துவிட்டது.

17-ஆம் எண். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளிடம் பேசினேன். வருஷம் முடியும்வரை பெயரைக் கூப்பிட வேண்டும், எல்லோரும் சேர்ந்து ஒரு தரம் மேஜையைத் தட்ட வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். இப்போது அப்படித்தான் நடக்கிறது.

போன வாரம் 16-ஆம் எண் பையன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். "அவன் கணக்கு நோட்டு என்கிட்ட இருக்கு டீச்சர். பார்த்து எழுதிக்கத் தந்தான். எங்க வீட்டுப் பரண்ல இருந்ததால நனையல" என்றான். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் நான் கொடுத்த வீட்டுக்கணக்கு, ஐந்தில் மூன்று போட்டிருந்தான். மூன்றும் சரி.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய் அதை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும் வழியில், மிச்சம் இரண்டு கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்டான். எனக்குத் தெரிந்தவரை அவனுக்குப் பின்னம் இன்னும் வராது. திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறேன், காகிதத்தை இரண்டாக மடிப்பதிலிருந்து.